சிறு நகரத்தின் பழைய மாஸ்டர் பிளானைத் திருத்துவது எப்படி?

தெருவில் இருபது வீடு இருக்கிறது. தார்ச்சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் வந்துவிட்டன. வீட்டு வரியும் வசூலாகிறது. இருபத்தோராவது மனைக்காரர் பிளான் அப்ரூவலுக்கு மனுப் போட்டால் மட்டும், “மேற்படி புல எண் விவசாய உபயோகப் பகுதியில் அமைவதால்” என்று தொடங்கும் கடிதத்தோடு மனு திரும்பி வருகிறது. அவர் நில உபயோக மாற்றத்துக்குத் தனியாக மனுப் போட்டு மாதக்கணக்கில் அலைய வேண்டும். அலைய முடியாதவர்கள் அனுமதி இல்லாமலே கட்டிவிடுகிறார்கள். எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான் ஒரு ஊரில் பழசாகிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் இதுதான்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 32-ஆவது பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுபரிசீலனை செய்ய இடம் தருகிறது. ஆனால் அது ‘செய்யலாம்’ என்ற அளவில்தான். அரசு உத்தரவிட்டால்தான் கட்டாயம். இந்த ஒரு சொல்லின் இடைவெளியில் பல ஊர்களில் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கொடைக்கானலின் மாஸ்டர் பிளான் 1993-இல் வந்தது. கால் நூற்றாண்டு அது திருத்தப்படாமல் கிடந்தது. அதற்குள் முளைத்த விடுதிகளும் வீடுகளும் விதிமீறல் பட்டியலில் சேர்ந்து, கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் பூட்டிச் சீல் வைக்கும் நிலை வந்தது.

புதிதாகத் தேர்வான நகர்மன்ற உறுப்பினர், வேலையில் சேர்ந்த நகரமைப்புப் பணியாளர், குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர், உள்ளூர்ப் பொறியாளர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. படிக்கத் தொடங்கும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது கடைசி வேலை. புல எண் பட்டியல், நீர்வழி, சாலை ஆகிய மூன்றும் சரியாகாமல் வண்ணம் தீட்டினால், அந்தத் திட்டம் அரசிதழில் வந்த நாளிலிருந்தே தகராறைத்தான் வளர்க்கும்.

எது நம் கையில் இருக்கிறது?

முதல் கூட்டத்திலேயே யாராவது எழுந்து “செட்பேக்கைக் குறைங்க, இன்னும் ஒரு மாடிக்கு அனுமதி கொடுங்க” என்பார். அது நகராட்சித் தீர்மானத்தால் ஆகக்கூடிய காரியமில்லை. பக்க இடைவெளி, உயரம், தளப் பரப்புக் குறியீடு, வாகன நிறுத்தம் ஆகியவை 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் மாநிலம் முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்பட்டவை. அந்த விதிகளின்படி உயர்மாடி அல்லாத கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 2. அதாவது 1,000 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 2,000 சதுர அடி. இதை மாற்றும் அதிகாரம் சென்னையில் இருக்கிறது.

உங்கள் ஊர் மாஸ்டர் பிளான் தீர்மானிப்பது வேறு: எந்தப் புல எண் எந்த உபயோகத்துக்கு, புதுச் சாலை எங்கே, எந்தச் சாலை எவ்வளவு அகலமாக வேண்டும், பூங்காவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் எந்த நிலம், எந்தப் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை என்பவை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. பலரும் அதைத் தவற விடுகிறார்கள். அதன் பெயர் ‘தொடர் கட்டடப் பகுதி’. கோயிலைச் சுற்றியுள்ள தேரோடும் வீதிகளிலும் பழைய கடைத்தெருவிலும் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும். 4.5 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம் கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 1 மீட்டர் விட்டால் மிச்சம் 3.5 மீட்டர். இரண்டு ஒன்பது அங்குலச் சுவரைக் கழித்தால் உள்ளே 3 மீட்டர்தான் தேறும். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. ஆகவே பழைய வீடு இடிந்தால் சட்டப்படி திரும்பக் கட்ட முடியாமல் போகிறது. எந்தெந்தத் தெரு தொடர் கட்டடப் பகுதி என்பதைத் தெருப் பெயர், இரு முனை, புல எண் ஆகிய மூன்றோடும் பட்டியலிட்டுத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் அந்தத் தெருக்காரர்கள் பிழைப்பார்கள். ‘பழைய ஊர்ப் பகுதி’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் கவுண்டரில் செல்லாது.

காகிதம் சேகரித்தல்

வேலையில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இதற்குப் போகும். போகட்டும். இங்கே அவசரப்படுவதுதான் பின்னால் வழக்காக வந்து நிற்கிறது.

நடப்பிலுள்ள மாஸ்டர் பிளானின் ஒப்புதல் பெற்ற வரைபடம், அதன் அறிக்கை, புல எண் வாரியான நில உபயோகப் பட்டியல், ஒப்புதல் அரசாணை, அரசிதழ் பக்கம் ஆகிய ஐந்தும் ஒன்றாகக் கையில் வேண்டும். நகராட்சியில் சில சமயம் வரைபடம் மட்டும் இருக்கும், அதுவும் மடிப்புகளில் கிழிந்திருக்கும். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். வெளியாராக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் “மாஸ்டர் பிளான் விவரம் தரவும்” என்று எழுதாமல், மேலே சொன்ன ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது, பழைய திட்டம் வந்த பிறகு தனித்தனியாக நடந்த நில உபயோக மாற்றங்கள். விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு, குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு என்று ஒவ்வொன்றும் அரசாணையோடும் அரசிதழ் அறிவிப்போடும் நடந்திருக்கும். முப்பது ஆண்டில் ஒரு சிறு நகரத்திலும் கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிடும். இவற்றை ஒரே பதிவேட்டில் தேதி வாரியாக ஏற்றாமல் புது வரைபடம் போட்டால், ஏற்கெனவே பணம் கட்டி மாற்றம் வாங்கியவரின் நிலம் மறுபடி விவசாயத்துக்குப் போய்விடும். ஆட்சேபணை வரும் நேரத்தில் அவர் வெளியூரில் இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. இந்தப் பிழை வரைவாளரின் கவனக்குறைவால் வருவதைவிடப் பதிவேடு இல்லாமையால்தான் வருகிறது.

மனைப்பிரிவு ஒப்புதல்கள், அவற்றின் லே-அவுட் எண்கள், சாலைக்கும் பூங்காவுக்கும் எழுதிக் கொடுத்த தானப் பத்திரங்கள் ஆகியவற்றையும் திரட்டுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது; பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பத்திரம் நகராட்சி அலமாரியில் இருக்கும், பட்டா மனை விற்றவர் பெயரிலேயே தொடரும். சில வருடத்தில் பூங்கா இடம் இரண்டு மனையாக விற்பனைக்கு வந்துவிடும். திருத்த வேலையோடு சேர்த்து இந்த இடங்களின் பட்டாவையும் நகராட்சி பெயருக்கு மாற்ற வட்டாட்சியருக்கு எழுதிவிடுவது நல்லது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளுக்காக 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் எந்தெந்த மனைப்பிரிவு வரன்முறையானது என்ற பட்டியலும் தேவை. அவை சட்டப்படி குடியிருப்பு மனைகள். வரைபடத்தில் விவசாயத்துக்கான பச்சையாகவே இருக்கும்.

பழைய திட்டத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல், புதுச் சாலை என்று குறிக்கப்பட்ட தனியார் நிலங்களை மட்டும் தனிப் பட்டியலாக எடுங்கள். சட்டத்தின் 38-ஆவது பிரிவு இங்கே வருகிறது. திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வராமலும், உடன்பாட்டின் பேரில் வாங்கப்படாமலும் இருந்தால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். ஆகவே 1990-களில் பச்சை அடித்து வைத்த பூங்கா இன்றும் பூங்கா என்று நம்பி, பக்கத்தில் ஐந்நூறு வீட்டுக்கு மனைப்பிரிவு அனுமதித்துக்கொண்டிருக்க வேண்டாம். புதுத் திட்டத்திலும் இதே கடிகாரம் ஓடும். மூன்று ஆண்டில் வாங்கப் பணம் இல்லாத நிலத்தைக் குறிப்பதால் பயனில்லை. அரசுப் புறம்போக்கு, மனைப்பிரிவில் தானமாக வரும் நிலம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

வரைபடத்தைத் தரையோடு பொருத்துவது

வருவாய்த் துறையில் மூன்று ஆவணம் அடிப்படை: கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணின் அளவுப் படம்), அ-பதிவேடு (புல எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய பதிவேடு). பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவுகோலில் வரைந்தவை, அதாவது 1:3,960. பழைய புலப்படங்களில் நீளம் சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். புதியவை மீட்டரில் இருக்கும். ஒரே கிராமத்தில் இரண்டும் கலந்து கிடக்கும் என்பதால், எண்ணை ஏற்றும் முன் ஒவ்வொரு தாளின் அலகையும் பாருங்கள். லிங்கை மீட்டராக ஏற்றினால் வயலின் நீளமும் அகலமும் ஐந்து மடங்காகிவிடும். அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். லிங்கை அடியாக ஏற்றும் பிழைதான் ஆபத்து. அது ஒன்றரை மடங்கு வித்தியாசம், அக்கம்பக்கத்து வயலைத் தின்றுகொண்டு ஒளிந்திருக்கும்.

மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தில் நகரங்களுக்குப் புவித்தகவல் முறையில் 1:4,000 அளவுகோலில் வரைபடம் தயாரிக்க நிதி தரப்பட்டது. அம்ருத் 2.0-இல் 50,000 முதல் 99,999 வரை மக்கள்தொகை உள்ள ஊர்களும் சேர்க்கப்பட்டன. உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் கிராம வரைபடத்தை உட்கார வைக்கக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும், அதாவது இரண்டு படத்திலும் ஒரே இடம் என்று உறுதியாகத் தெரியும் புள்ளிகள். நான்கு போதும் என்பார்கள். கிராமத்துக்குப் பத்துப் புள்ளியாவது போடுங்கள், ஓரங்களிலும் நடுவிலும் பரவலாக. மூன்று கிராமம் சந்திக்கும் எல்லைக்கல், ரயில் பாதை வளைவு, பழைய பாலத்தின் முனை, கோயில் மதிலின் மூலை ஆகியவை நல்ல புள்ளிகள். சாலையின் நடுக்கோடு கெட்ட புள்ளி. சாலை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 1:4,000 வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 4 மீட்டர். பழைய திட்ட வரைபடம் 1:10,000-இல் இருந்தால், பேனாக் கோட்டின் தடிமனே 10 மீட்டர், ஒரு முழு மனை. கோட்டுக்குள் நிற்கும் வீடு எந்த உபயோகம்? கோடு பதில் சொல்லாது. அதனால்தான் புல எண் பட்டியல் முக்கியமாகிறது. வரைபடமும் பட்டியலும் முரண்பட்டால் எது செல்லும் என்பதைத் திட்ட விதியில் ஒரே வரியில் எழுதி வைத்துவிடுங்கள்.

பட்டியலில் வரும் மிகப் பெரிய தலைவலி ‘பகுதி’ என்ற சொல். “புல எண் 123 பகுதி – குடியிருப்பு, 123 பகுதி – விவசாயம்” என்று பழைய பட்டியல்களில் இருக்கும். எந்தப் பகுதி? யாருக்கும் தெரியாது. அதற்குள் 123 உடைந்து 123/4ஏ1 வரைக்கும் போயிருக்கும். புதுப் பட்டியலில் உட்பிரிவு எண் வரை இறங்குங்கள். உட்பிரிவே இரண்டு உபயோகத்தில் விழுந்தால், ஏதாவது ஒரு புல எல்லைக்குக் கோட்டை நகர்த்துங்கள். ஊருக்குள் நகர நில அளவை முடிந்திருந்தால் பழைய புல எண் போய் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மாறியிருக்கும். இரண்டுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலை நகர சர்வேயரிடம் வாங்கி, இரு எண்ணையும் பக்கம் பக்கமாக அச்சிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மனுதாரரும் அதற்காகத் தனியாக அலைவார்.

தெருவில் இறங்குவது

இரண்டு பேர் கொண்ட குழு, ஒரு டேப், ஒரு அச்சிட்ட படிவம் போதும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எழுத வேண்டியவை: புல எண், தரைத்தள உபயோகம், மேல்தள உபயோகம், எத்தனை மாடி, முன்னுள்ள சாலையின் அகலம். அகலத்தைச் சுவருக்குச் சுவர் அளக்க வேண்டும். தார் போட்ட அகலத்தை எழுதினால் திட்டமே தவறாகும். ஒவ்வொரு சந்திப்பிலும், இடையில் மிகக் குறுகலான இடத்திலும் அளவு எடுங்கள். தெரு முழுவதும் 9 மீட்டர் இருந்து, ஒரே ஒரு மூலையில் 5 மீட்டராகச் சுருங்கினால் தீயணைப்பு வண்டிக்கு அந்தத் தெரு 5 மீட்டர்தான்.

குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற ஊர்களில் வீட்டின் முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் விசைத்தறி. சிவகாசிப் பக்கத்தில் வேறு மாதிரி. பல ஊர்களில் முன்னறையில் மளிகைக் கடையோ தையற்கடையோ இருக்கும். இதையெல்லாம் ‘குடியிருப்பு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் பின்னால் விதி எழுதும்போது அந்தத் தொழில்கள் திருட்டுத்தனமானவையாகிவிடும். எத்தனை தறி, எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எத்தனை வேலையாள் என்று கேட்டு எழுதுங்கள். வாரச்சந்தை கூடும் நாளிலும் ஒருமுறை போங்கள். காலியாகக் கிடக்கும் இடம் அன்று ஊரின் பெரிய கடைத்தெருவாக இருக்கும்.

போகும் வீட்டிலெல்லாம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “அம்மா, மழைத் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?” அவர்கள் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். தரையிலிருந்து அந்த உயரத்தை அளந்து, ஆண்டோடு எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் துறையின் கோப்பிலும் கிடைக்காத தகவல் அது.

எவ்வளவு நிலம் வேண்டும்?

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011 எண்ணிக்கையை வைத்துத்தான் திட்டங்கள் கணக்குப் போடுகின்றன. அதை மட்டும் நம்பாமல் வீட்டு வரி விதிப்பு எண்ணிக்கை, வீட்டு மின் இணைப்பு, ரேஷன் அட்டை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு ஊர்: 2001-இல் 50,000 பேர், 2011-இல் 60,000 பேர். பத்தாண்டுக்கு 20 சதவீத வளர்ச்சி. இதே வேகம் என்றால் 2041-இல் 1,03,680. கூடுதலாக 43,680 பேர். மத்திய அரசின் 2014 நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டி சமவெளியில் உள்ள சிறு நகரங்களுக்கு ஹெக்டேருக்கு 75 முதல் 125 பேர் என்ற அடர்த்தியைப் பரிந்துரைக்கிறது. நடுவில் 100 என்று வைத்தால் 437 ஹெக்டேர் புதிதாக வேண்டும். இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டு அவ்வளவு வயலையும் குடியிருப்புக்கான மஞ்சளாக்கிவிடுகிறார்கள்.

நிறுத்த வேண்டாம். கல் நட்டு, பெயர்ப் பலகை வைத்து, விற்றும் போன, சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கும் அங்கீகார மனைகளை எண்ணுங்கள். அந்த ஊரில் 6,000 காலி மனை இருக்கிறதென்றால், வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 24,000 பேருக்கு இடம் ஏற்கெனவே தயார். மிச்சம் 19,680 பேர். 197 ஹெக்டேர் போதும். 240 ஹெக்டேர் நஞ்சை தப்பிக்கும். நகராட்சிக்கும் அத்தனை கிலோமீட்டர் குழாயும் சாலையும் போடும் செலவு மிஞ்சும். ஊர் நலனில் அக்கறை உள்ள ஒரு உறுப்பினர் மன்றத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “காலி மனை எத்தனை?”

நகராட்சி எல்லைக்கு வெளியே ஒட்டியுள்ள ஊராட்சிகளையும் மறக்க வேண்டாம். உள்ளே கெடுபிடி, வெளியே தளர்வு என்றால் ஊர் வெளியேதான் வளரும். திட்டப் பகுதியின் எல்லையை விரிக்க 10-ஆவது பிரிவின் கீழ் தனி அறிவிப்பு வேண்டும். அதை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

முதலில் நீர், அடுத்து சாலை

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்த மாஸ்டர் பிளானும் தடுக்காது. ஆனால் 15 சென்டிமீட்டர் மழைக்கே மூழ்கும் நகர்கள் எல்லா ஊரிலும் உள்ளன. அவை திட்டத்தால் மூழ்குபவை.

அ-பதிவேட்டை எடுத்து ஏரி, குளம், ஊருணி, ஓடை, வாய்க்கால் என்று வகைப்படுத்தப்பட்ட புல எண்களை எல்லாம் முதலில் வரைபடத்தில் குறியுங்கள். பிறகு பதிவேட்டில் இல்லாததைத் தேடுங்கள். ஏரிக்கு வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, ஏரியின் மிகைநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்த வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது, அந்த வழியில் பட்டா நிலம் எது? கலங்கலுக்குக் கீழே உள்ள பட்டா வயல் குடியிருப்பாக மாறும் இடத்தில்தான் வெள்ளம் உருவாகிறது. அந்த வழியை மனைப்பிரிவின் பூங்கா ஒதுக்கீட்டோடு சேர்த்து விடச் சொல்லி விதி எழுதலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் எப்படியும் திறந்தவெளியாக நகராட்சிக்கு வர வேண்டியதுதான். அது மூலையில் முக்கோணத் துண்டாக வருவதற்குப் பதில் வாய்க்கால் ஓரமாக நீளமாக வரட்டும்.

சாலைக்கு வரும்போது, அ-பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்றிருக்கும் புறம்போக்குகளைத் தேடிப் பிடியுங்கள். கையகப்படுத்தும் செலவில்லாமல் கிடைக்கும் சாலை நிலம் அது. பல இடங்களில் வரப்போடு கரைந்து போயிருக்கும், ஆனால் புலப்படத்தில் உயிரோடு இருக்கும். அடுத்து, பக்கத்துப் பக்கத்து மனைப்பிரிவுகளின் சாலைகள் மதிலில் முட்டி நிற்கும் இடங்களைக் குறியுங்கள். புது மனைப்பிரிவு வரும்போது எந்தச் சாலையைத் தொடர வேண்டும் என்று இப்போதே கோடு போட்டு வைத்தால், நகராட்சிக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் ஊர் இணையும். 9 மீட்டர் சாலையை 12 ஆக்க நினைத்தால் இரு பக்கமும் 1.5 மீட்டர் என்று எழுதுங்கள். கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் அந்தத் துண்டைத் தானப் பத்திரமாக வாங்கலாம். ‘12 மீட்டர் உத்தேசச் சாலை’ என்று மட்டும் எழுதினால், ஒரு பக்கத்தார் எதிர்ப் பக்கத்தில் எடுக்கச் சொல்வார்கள், எதிர்ப் பக்கத்தார் இந்தப் பக்கத்தில்.

பிறகு வண்ணம்

மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், சிவப்பு பொது உபயோகம், பச்சை விவசாயம். சிறு நகரத்துக்கு எங்கள் பரிந்துரை: குடியிருப்பை இரண்டாகப் பிரித்து, 9 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான தெருக்களைக் கலப்புக் குடியிருப்பாக வையுங்கள். கடையும் வீடும் சேர்ந்த வாழ்க்கை நம் ஊர்களின் இயல்பு. தறி ஊர்களில் தறிகள் நெருங்கிய தெருக்களைத் தனியாக அடையாளம் கண்டு, பொது விதிகள் அனுமதிக்கும் குதிரைத்திறன் வரம்புக்குள் எது அடங்கும், எதற்குத் தொழில் பகுதி தேவை என்று பிரியுங்கள். பட்டாசு, சாயம், தோல் போன்றவற்றைக் கலப்பில் சேர்க்கவே கூடாது.

ஒரு பழக்கத்தை மட்டும் விடச் சொல்வோம். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நீளத்துக்கும் வணிகப் பட்டை போடுவது. ஊருக்குள் நெரிசல் என்றுதான் புறவழிச்சாலை போட்டோம். அதன் இரு ஓரமும் நீலமானால் ஐந்தாண்டில் அதுவும் கடைத்தெரு. சந்திப்புகளில் மட்டும், உட்சாலையில் வாசல் வைக்கும் நிபந்தனையோடு வணிகம் கொடுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலோ கோட்டையோ இருந்தால், சுற்றிலும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இரண்டு வட்டத்தையும் வரைபடத்தில் போட்டுவிடுங்கள். மனை வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்.

அறிவிப்பும் ஆட்சேபணையும்

வரைவு முடிந்ததும் 24-ஆவது பிரிவின்படி அரசின் இசைவு பெற வேண்டும். அதன்பின் 26-ஆவது பிரிவின்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு. ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம். இது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். நாளிதழ் விளம்பரத்தைப் படித்து யாரும் தன் புல எண்ணைத் தேடப் போவதில்லை. வார்டு வாரியாகப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ரேஷன் கடை, பள்ளி, கிராம நிர்வாக அலுவலகம் ஆகியவற்றில் ஒட்டுங்கள். பகுதி சபைக் கூட்டங்களில் அந்தந்தத் தெருவின் பெரிய படத்தை விரித்து வையுங்கள். தங்கள் வீட்டைப் படத்தில் கண்டுபிடித்துவிட்டால் மக்கள் நிறைய சொல்வார்கள்.

“எங்கள் பகுதியைக் குடியிருப்பாக மாற்றித் தரவும்” என்ற மனுவால் பயனில்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்: “புல எண் 214/3பி, பரப்பு 0.42.50 ஹெக்டேர். வரைவில் விவசாயம் என்று உள்ளது. 2008 முதல் வீடுகள் உள்ளன. வீட்டு வரி செலுத்தப்படுகிறது. கலப்புக் குடியிருப்பாகக் குறிக்கக் கோருகிறோம். இணைப்பு: பட்டா, புலப்படம், வரி ரசீது, மின் கட்டண ரசீது.” பட்டாவும் புலப்படமும் பெரும்பாலான கிராமங்களுக்கு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கும்.

வரும் மனுக்களுக்கு வரிசை எண் போட்டு மூன்றாகப் பிரியுங்கள். வரைபடம் தரையோடு பொருந்தவில்லை என்பவை ஒன்று. இவற்றை நேரில் பார்த்து உடனே திருத்தலாம். உபயோகத்தை மாற்றக் கோருபவை இரண்டாவது. ஏரி, வழி, சாலை, சுடுகாடு பற்றிப் பலர் சேர்ந்து தருபவை மூன்றாவது. எண்ணிக்கையில் இரண்டாவது கட்டு பெரிதாக இருக்கும், நேரம் எல்லாம் அதற்கே போய்விடும். மூன்றாவது கட்டை முதலில் எடுங்கள். அதில் வரும் முடிவு மற்றவற்றின் பதிலை மாற்றும். ஒவ்வொரு மனுவுக்கும் ஏற்பு அல்லது மறுப்பு, அதற்கான காரணம், ஆய்வு செய்த தேதி ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். “பரிசீலிக்கப்பட்டது” என்ற ஒற்றைச் சொல் நீதிமன்றத்தில் நிற்காது.

ஒப்புதலும் அதன்பிறகும்

ஆட்சேபணைகளும் அவற்றின் மீதான முடிவுகளும் சேர்ந்த திட்டம் நகர் ஊரமைப்பு இயக்குநர் வழியாக அரசுக்குப் போகும். 28-ஆவது பிரிவின்படி ஒப்புதல். அது அரசிதழில் வெளியாகும் நாளிலிருந்து 30-ஆவது பிரிவின்படி நடைமுறை. அதன்பின் 47-ஆவது பிரிவு எல்லோரையும் கட்டும்: திட்டத்துக்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது. காகிதம் சேகரிப்பதிலிருந்து இதுவரைக்கும் இரண்டு, மூன்று ஆண்டு ஆகும் என்று எண்ணி ஆட்களையும் பணத்தையும் ஒதுக்குங்கள். நடுவில் நகரமைப்பு அலுவலர் மாற்றலாகிப் போவார். கோப்பு அவர் தலையில் மட்டும் இருக்கக் கூடாது.

ஒப்புதல் வந்த வாரத்தில் நான்கு பிரதி எடுங்கள். ஒன்று நகராட்சிக் கவுண்டரில் மக்கள் புரட்டிப் பார்க்கும்படி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு, ஒன்று வட்டாட்சியருக்கு, ஒன்று பொது நூலகத்துக்கு. கவுண்டர் பிரதியின் பின்னால் நூறு வெற்றுத் தாள் சேர்த்துக் கட்டுங்கள். இனி வரும் ஒவ்வொரு நில உபயோக மாற்றமும், புது உட்பிரிவு எண்ணும், பதிவான தானப் பத்திரமும், தேதியோடும் அரசாணை எண்ணோடும் அந்தத் தாளில் ஏற வேண்டும். ஐந்தாண்டு கழித்து மறுபரிசீலனை தொடங்கும்போது முதலில் கேட்கப் போவது அந்தத் தாள்களைத்தான்.